ஃபிராஸ்காட்டிக்கு ஒரு நாள்: திட்டமில்லாமல் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரோமுக்குத் தென்கிழக்கே 20 கிலோமீட்டர் தூரத்தில், அல்பானோ குன்றுகளின் சரிவில் இருக்கிறது ஃபிராஸ்காட்டி. வெள்ளை ஒயினுக்குப் பேர்போன சின்ன ஊர். எந்த ஏற்பாடும் இல்லாமல்தான் நான் போனேன். காலை காபி குடிக்கும்போது முடிவு செய்து, மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருந்தேன். அன்றிலிருந்து ரோமுக்குப் போகிற நண்பர்கள், உறவினர்கள் எல்லாரிடமும் இந்த ஊரைச் சொல்லி வருகிறேன். அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இத்தாலி ஒயின் ஊர் என்றால் டஸ்கனிதானே? ஏன் ஃபிராஸ்காட்டி?

டஸ்கனி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே திடீரென்று கிளம்பிப் போவது சிரமம். மோன்டெபுல்சானோவுக்கு ரயில் நிலையம் உண்டு, ஆனால் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. மோன்டால்சினோவுக்குப் பேருந்தோ காரோதான். ஒயின் நிலவறைகளைப் பார்க்கவும் பெரும்பாலும் முன்பதிவு கேட்பார்கள். முதல் நாளே திட்டம் போட்டவர்களுக்கு அது சரி.

காலை ஒன்பது மணிக்கு “இன்று என்ன செய்யலாம்?” என்று யோசிக்கிறவர்களுக்கு ஃபிராஸ்காட்டிதான் சரியான இடம். ஒரே ரயில், அரை மணி நேரம், இறங்கிப் படியேறினால் ஊர். யாரிடமும் முன்பதிவு செய்ய வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. இந்த ஒயினுக்கென்று ஒரு பழக்கம், ஒரு சாப்பாடு, உட்காருவதற்கு ஒரு விதமான கடை என்று எல்லாமே அந்த ஊரில் இன்னும் ஒன்றாக இருக்கின்றன. புட்டியை வாங்கி வேறெங்கோ திறந்து குடித்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

ரயிலில் சற்றுக் கூடுதல் தூரம் போகலாம் என்றால் ஓர்வியேட்டோவையும் சொல்வேன். அதுவும் வெள்ளை ஒயின் ஊர், பிரமாதமான பேராலயம் இருக்கிறது, நிலையத்திலிருந்து மலை மேலே இழுவை ரயிலில் ஏறலாம். ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் அதிகம். ஃபிராஸ்காட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ரோம்காரர்கள்.

எப்படிப் போவது?

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. கட்டணம் இரண்டு யூரோவை ஒட்டித்தான். இயந்திரத்தில் டிக்கெட் எடுக்கலாம், பிராந்திய ரயில் என்பதால் இருக்கை முன்பதிவு கிடையாது. சுமார் ஒரு மணிக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை குறையலாம்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, எஃப்.எல்.4 என்கிற இந்தத் தடம் சாம்பினோவுக்கு அப்புறம் மூன்றாகப் பிரியும்: ஒன்று ஃபிராஸ்காட்டிக்கு, ஒன்று அல்பானோவுக்கு, ஒன்று வெல்லேத்ரிக்கு. தட எண்ணை மட்டும் பார்த்து ஏறிவிடாதீர்கள், பலகையில் கடைசி ஊரின் பெயரைப் பாருங்கள். இரண்டாவது, காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன்பே நடைமேடை அருகில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம் கட்ட வேண்டி வரலாம்.

ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ரோம் நகரைத் தாண்டும்போது பழைய ரோமானிய நீர்ப்பாலங்களின் வளைவுகள் வயல்வெளியில் வரிசையாக நிற்பது தெரியும். பாதைக்கே ஒரு வரலாறு உண்டு. பாப்பரசர் ரோமையும் சுற்றுவட்டாரத்தையும் நேரடியாக ஆண்ட காலத்தில், 1856இல், அவருடைய ஆட்சிப் பகுதியில் ஓடிய முதல் ரயில் ரோமிலிருந்து ஃபிராஸ்காட்டிக்குத்தான்.

ரயில் ஒத்துவரவில்லை என்றால் மெட்ரோ ‘ஏ’ தடத்தில் கடைசி நிலையமான அனானீனா வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம்.

இறங்கியதும் முதலில் எங்கே போக?

நிலையம் கீழே, ஊர் மேலே. படிகள் ஏறித்தான் ஆக வேண்டும். முட்டிவலி இருக்கிற பெரியவர்கள் கூட வந்தால் பேருந்தில் போவது நல்லது, அது மேலேயே இறக்கிவிடும்.

மேலே வந்ததும் கண்ணில் படுவது வில்லா அல்டோபிராண்டினி. ஊரின் தலைக்கு மேலே ஒரு பெரிய மாளிகை, அதன் முன்னால் சரிவாக இறங்கும் புல்வெளி. எட்டாம் கிளெமென்ட் பாப்பரசரின் உறவினரான கர்தினால் பியெத்ரோ அல்டோபிராண்டினிக்காகக் கட்டியது. 1598இல் வேலை தொடங்கியது. ரோமின் வெயிலும் வியர்வையும் தாங்காத கர்தினால்களும் பிரபுக்களும் கோடைக்கு இங்கே வந்துவிடுவார்கள். சுமார் 320 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று நிஜமாகவே மாறும். இப்படிக் கட்டிய மாளிகைகள் சுற்றிலும் நிறைய உண்டு.

அந்த மாளிகை இன்னும் குடும்பத்தின் கையில் இருப்பதால் தோட்டம் எல்லா நாளும் திறந்திருக்காது. அதற்காக ஏமாற வேண்டாம். பக்கத்தில் வில்லா தொர்லோனியாவின் பூங்கா பொதுமக்களுக்கானது, கட்டணம் கிடையாது. கார்லோ மதேர்னோ வடிவமைத்த நீர் அரங்கு அங்கே இருக்கிறது. கல்லில் குடைந்த மாடங்கள் வரிசையாக, நடுவில் நீர்த் தொட்டி. வில்லா எங்கே என்று தேடாதீர்கள், அது இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்குப் பலியானது. தோட்டமும் நீர் அரங்கும்தான் மிச்சம். பகல் பொழுதில் பாட்டிகள் பேரக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஊரின் நிறைய கட்டடங்கள் புதுசாகத் தெரிகின்றனவே?

ஆமாம். 1943 செப்டம்பர் 8ஆம் தேதி நடுப்பகலில் அமெரிக்க விமானங்கள் இந்த ஊரின்மேல் குண்டு போட்டன. இத்தாலியிலிருந்த ஜெர்மன் படைகளின் தளபதி கெஸ்ஸல்ரிங்கின் தலைமையகம் இங்கே இருந்ததுதான் காரணம். கெஸ்ஸல்ரிங் தப்பிவிட்டார். ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அதே நாள் மாலையில்தான் இத்தாலி போரிலிருந்து விலகும் உடன்பாடு வானொலியில் அறிவிக்கப்பட்டது. சில மணி நேரம் முந்தியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

புனித பேதுரு பேராலயமும் அந்தப் போரில் கடுமையாகச் சேதமாகி மறுபடி கட்டப்பட்டதுதான். உள்ளே ஒரு நினைவுக் கல் இருக்கிறது, ஸ்காட்லாந்து வரலாறு படித்தவர்கள் தேடிப் பார்ப்பார்கள். பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிப் படை திரட்டித் தோற்ற இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் 1788இல் ரோமில் இறந்தபோது, அவரை முதலில் அடக்கம் செய்தது இங்கேதான். அவருடைய தம்பி ஹென்றி அப்போது ஃபிராஸ்காட்டியின் ஆயர். பின்னாளில் உடலை வத்திக்கானுக்கு மாற்றினார்கள்.

அந்த ஒயின் எப்படி இருக்கும்?

வெளிறிய வைக்கோல் நிறம், லேசான பூ வாசனை, கடைசியில் நாக்கில் மெல்லிய கசப்பு. பாதாம் பருப்பின் தோலைக் கடித்தால் வருமே, அந்த அளவுக்குத்தான். கனமான ஒயின் இல்லை. வெயில் நேரத்தில் சாப்பாட்டோடு குடிக்கவே பிறந்தது.

மல்வாசியா வகைத் திராட்சைதான் முக்கியம், விதிப்படி 70 சதவீதமாவது இருக்க வேண்டும். மிச்சத்தில் த்ரெபியானோ போன்றவை சேரும். கொடி வளர்வது எரிமலை மண்ணில். இந்தக் குன்றுகள் எல்லாமே அடங்கிப்போன ஒரு பழைய எரிமலையின் மிச்சம். அந்த மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்துதான் ஊருக்கு அடியில் நிலவறைகள் செய்தார்கள், கோடையிலும் குளுமை குறையாது.

இத்தாலியில் ஒயின்களுக்குப் பிறப்பிடச் சான்று கொடுக்கத் தொடங்கியபோது, 1966இல், முதல் வரிசையிலேயே ஃபிராஸ்காட்டிக்கு அது கிடைத்தது. 2011இல் இரண்டு வகைகளுக்கு இன்னும் மேலான தரச் சான்று கொடுத்தார்கள்: ஒன்று ‘ஃபிராஸ்காட்டி சுப்பீரியோரே’, இன்னொன்று ‘கன்னெல்லீனோ’. இரண்டாவது இனிப்பு. திராட்சையைத் தாமதமாகப் பறித்துச் செய்வது, சாப்பாடு முடிந்தபின் பிஸ்கட்டோடு குடிப்பார்கள்.

வெளிநாட்டுக் கடைகளில் மலிவான ஃபிராஸ்காட்டி குடித்துவிட்டு “சப்பென்று இருந்தது” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊரில் நல்ல தயாரிப்பாளரின் சுப்பீரியோரே ஒரு கோப்பையும் கடையின் சொந்த ஒயின் ஒரு குடுவையும் அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஃபிராஸ்கெத்தா என்கிறார்களே, அது என்ன?

ஊரின் உயிரே அதுதான். ஒயின் கடை என்றும் சொல்லலாம், சாப்பாட்டுக் கடை என்றும் சொல்லலாம். முன்பெல்லாம் விவசாயிகள் தங்கள் நிலவறையின் வாசலில் ஒரு மரக்கிளையைத் தொங்கவிடுவார்கள், புது ஒயின் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே நீள மர மேசைகள், பெஞ்சுகள், பீப்பாய்கள். ஒயின் மட்டும்தான் கடையில். சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போக வேண்டும்.

இன்று பெரும்பாலானவை சாப்பாடும் போடுகின்றன. ஆனாலும் பழைய முறையை விடாத கடைகள் சில இருக்கின்றன. வாசலில் நின்று கையில் இருக்கும் பொட்டலத்தைக் காட்டி, கொண்டுவரலாமா என்று சைகையில் கேட்டாலே போதும்.

நான் நுழைந்த கடையில் மேசைமேல் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தார்கள். அரை லிட்டர் கேட்டதும் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குடுவையில் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார் கடைக்காரர். குடுவையின் வெளிப்பக்கம் குளிரில் வியர்த்து, காகிதத்தில் வட்டமாக ஈரம் பதிந்தது. எதிர் மேசையில் ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்து, வளையம் போன்ற சின்ன பிஸ்கட்டை ஒயினில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு பிஸ்கட்டையும் இரண்டு முறை நனைத்தார், மூன்றாவது கடியில் முடித்தார். கடைசியில் கணக்கை அந்த மேசைக் காகிதத்தின் மூலையிலேயே எழுதிக் கூட்டி, கிழித்துக் கையில் கொடுத்தார் கடைக்காரர்.

பிஸ்கட்டின் பெயர் சம்பெல்லீனே. மாவு, சர்க்கரை, எண்ணெய், ஒயின், அவ்வளவுதான். வெண்ணெயோ முட்டையோ பொதுவாகச் சேர்ப்பதில்லை.

சாப்பிட எதை வாங்கிக்கொண்டு போக?

சந்தைச் சதுக்கத்துக்குப் போங்கள், போர்கெத்தா விற்கும் கடை கண்ணில் படும். முழுப் பன்றியை எலும்பு நீக்கி, பூண்டு, மிளகு, ரோஸ்மேரி வைத்துச் சுருட்டிக் கட்டி, பல மணி நேரம் அடுப்பில் வாட்டியது. பக்கத்து ஊரான அரிச்சாதான் இதற்குப் பேர்போனது. நீளக் கத்தியால் சீவும்போது மேல்தோல் நொறுங்குகிற சத்தம் கேட்கும். தோலையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் வாங்கினால் பாதி சுவை போச்சு. எடை கணக்கில், “உன் எத்தோ” என்றால் 100 கிராம். ஒருவருக்கு அதற்குக் கொஞ்சம் மேலே போதும்.

கூட ரொட்டி வேண்டும். அருகிலுள்ள ஜென்ஸானோ ஊரின் ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். மேலே கருகிய கெட்டித் தோல், உள்ளே மிருதுவாகப் பொத்தல் பொத்தலாக. அப்புறம் ஒரு துண்டு பெக்கோரினோ பாலாடைக்கட்டி, கொஞ்சம் ஆலிவ். காரம் பிடித்தவர்கள் கொப்பியெத்தே கேட்கலாம். இறைச்சியைக் கீற்றாக வெட்டி மிளகாய் தடவிக் காயவைத்தது. முன்பு குதிரை இறைச்சியில் செய்வார்கள், இப்போது அநேகமாகப் பன்றிதான். சந்தேகம் என்றால் கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விசாரித்துச் சாப்பிட வேண்டும். ரோமின் பிரபலமான பாஸ்தாக்களில் கார்போனாராவிலும் அமாத்ரிச்சானாவிலும் பன்றிக் கன்னக் கொழுப்பு உண்டு. காச்சோ எ பேப்பேயில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியா கீரை நம் நாக்குக்கு ரொம்பப் பிடிக்கும். குளிர்காலத்தில் கிடைக்கும் புந்தரெல்லே என்கிற கீரைத் தண்டு சாலட்டில் நெத்திலி மீன் சேரும், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வசந்த காலத்தில் பச்சை மொச்சை போன்ற ஃபாவா விதைகளை உரித்துப் பெக்கோரினோவோடு தின்பது இந்தப் பக்கத்து வழக்கம், ஒயினுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

தீவிர சைவர்களுக்கு ஒரு விஷயம்: பெக்கோரினோ ரொமானோ, பர்மிஜானோ என்கிற இரண்டு பாலாடைக்கட்டிகளையும் உறையவைப்பதற்குக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள்.

நான் குடிப்பதில்லை. எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. குடிக்காதவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, ஃபிராஸ்கெத்தாவில் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு சாப்பிடுகிறவர்களும் உண்டு. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக வரும் இடம் அது.

மாளிகை, பூங்கா, பேராலயம் போக, சதுக்கத்தின் விளிம்பில் நின்றால் ரோம் சமவெளி முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். வானம் தெளிவாக இருந்தால் புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடம் புள்ளியாகத் தெரியும். வில்லா அல்டோபிராண்டினியின் பழைய குதிரை லாயத்தை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், ஊருக்கு மேலே மலையில் இருந்த துஸ்குலம் என்கிற பழைய நகரத்தின் பகுதியில் தோண்டியெடுத்த பொருள்கள் அங்கே உள்ளன.

அப்புறம், குழந்தைகளுக்கு அடுமனைகளில் பூபாத்ஸா வாங்கிக் கொடுங்கள். தேன் கலந்த மாவில் செய்த பெண் பொம்மை பிஸ்கட். அந்தப் பெண்ணுக்கு மூன்று மார்புகள்: இரண்டு பாலுக்கு, மூன்றாவது ஒயினுக்கு என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

துஸ்குலம் போய் வரலாமா?

ஊருக்கு மேலே, மலை முகட்டில் இருக்கும் பழைய ரோமானிய நகரம் அது. ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோவுக்கு அங்கே ஒரு மாளிகை இருந்தது, மகள் துல்லியா இறந்த துயரத்துக்குப் பின் அவர் எழுதிய தத்துவ உரையாடல்களுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார். 1191இல் ரோம்காரர்களே நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சின்ன அரங்கம் ஒன்றும் கல் பாவிய சாலையும் மிஞ்சியிருக்கின்றன. நடந்து போனால் நல்ல ஏற்றம், ஐந்து கிலோமீட்டரைத் தொடும். போக வேண்டும் என்றால் காலையிலேயே போய்விட்டுப் பிறகு சாப்பிட உட்காருங்கள். ஒயினுக்குப் பிறகு அந்த ஏற்றம் வேண்டாம்.

விஞ்ஞானிகளுக்கும் இந்த ஊர் தெரியும் என்கிறார்களே?

இயற்பியல் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் ஒயினுக்கு முன்னால் நினைப்பது ஆய்வகத்தைத்தான். இத்தாலியின் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்த புரூனோ தூஷெக் கொடுத்த யோசனையின்படி, எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் ஒரே வளையத்தில் எதிரெதிராகச் சுற்றவிடும் உலகின் முதல் இயந்திரத்தை 1961இல் இங்கேதான் இயக்கினார்கள். பெயர் ‘அடா’. துகள்கள் சுற்றிய பாதையின் விட்டம் சுமார் 1.3 மீட்டர்தான். பின்னாளில் ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் சுரங்கம் தோண்டிச் செய்த பெரிய துகள் மோதல் இயந்திரங்களுக்கெல்லாம் தொடக்கம் அந்தச் சின்ன வளையம். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதனால் இந்த ஒன்றை மட்டும் திட்டமிட்ட பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள், எந்த மாதம் நல்லது?

ஞாயிறு கலகலப்பு, வார நாள் அமைதி. முதல்முறை என்றால் நான் ஞாயிறைத்தான் சொல்வேன். ரோம் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வந்து மேசையை நிறைப்பதைப் பார்க்க வேண்டும். இந்தத் தொடர்பு பழையது. ஒரு காலத்தில் இரவெல்லாம் குதிரை வண்டிகளில் பீப்பாய்கள் ரோமுக்குப் போகும். ஓட்டுபவருக்கு வெயில் மழை படாமல் வண்டியின் ஒரு பக்கத்தில் மடக்குக் கூண்டு இருக்கும். அவர் தூங்கிவிட்டாலும் குதிரைக்கு வழி தெரியும், திருடன் வந்தால் குரைக்கச் சின்ன நாய் ஒன்று கூடவே போகும். ஒயின் ரோமுக்குப் போன அதே வழியில் இப்போது ரோம்காரர்கள் ஒயினைத் தேடி வருகிறார்கள்.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் பக்கத்து ஊரான மரீனோவில் திராட்சைத் திருவிழா நடக்கும், ஊர் நீரூற்றில் ஒயின் ஓடும். ஆகஸ்ட் நடுவில் பல கடைகள் விடுமுறை. மதியம் ஒன்று முதல் நான்கு வரை சாப்பாட்டுக் கடைகள் தவிர மற்றவை மூடியிருக்கும், சந்தையும் காலையில்தான். எனவே பதினொரு மணிக்குள் ஊரில் இருங்கள்.

புட்டி வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

இந்தியா திரும்புகிறவர்கள் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம், அதாவது வழக்கமான 750 மில்லி புட்டி இரண்டு. விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் ஒயினை வாங்காதீர்கள், அது வீட்டுத் தயிர் மாதிரி, இருக்கிற இடத்தில் உடனே முடிக்க வேண்டியது. மூடி முத்திரையிட்ட சுப்பீரியோரே ஒன்று, கன்னெல்லீனோ ஒன்று என்று வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் சரியாக இருக்கும்.

திரும்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலையில் இறங்கியதுமே நிலையத்தின் அட்டவணையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், ஞாயிறு அட்டவணை தனி. திரும்பும் டிக்கெட்டை தெர்மினியிலேயே சேர்த்து எடுத்துவிட்டால் மாலையில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டாம். முத்திரையை மட்டும் ஏறும் நேரத்தில் பதியுங்கள். ஞாயிறு மாலை ரயிலில் கூட்டம் இருக்கும். ஃபிராஸ்காட்டி தடத்தின் கடைசி நிலையம், அநேகமாக ரயில் முன்னதாகவே வந்து நிற்கும். ஒரு கால் மணி நேரம் முன்னால் இறங்கி வந்தால் உட்கார இடம் கிடைத்துவிடும்.